பரமேஸ்வராச் சந்தியும் பம்பைமடுவும்

ஐயா,

நான் 2019இல் பம்பைமடுவில் உள்ள வவுனியா வளாகத்தில் பிரயோக விஞ்ஞானம் படித்து முடித்தேன். சான்றிதழில் இருப்பது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு நாள்கூட நான் படிக்கவில்லை. 2021இல் எங்கள் வளாகமும் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. போன மாதம் வெள்ளவத்தையில் முன்னாள் மாணவர் ஒன்றுகூடலுக்குப் போனேன். எல்லாரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பக்கத்திலுள்ள பரமேஸ்வராச் சந்திக் கதை பேசிச் சிரித்தார்கள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாழ்ப்பாணம், வவுனியா, நான் எந்தப் பழைய மாணவர் சங்கத்தில் சேருவது? சேர்ந்தால் வேலை விஷயத்தில் பிரயோசனம் உண்டா?

வாசகி, தெஹிவளை

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் அலமாரியைத் திறந்து என் சான்றிதழைத் தேடி எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் படித்தவன் நான், ஆனால் அதில் யாழ்ப்பாணம் இல்லை, இலங்கைப் பல்கலைக்கழகம்தான். நான் 1975இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் படிக்கப் போனபோது அங்கிருந்த யாழ்ப்பாண வளாகத்துக்கு ஒரு வயது. இலக்கிய விமர்சகர் கைலாசபதிதான் அதன் தலைவர். நாடு முழுவதற்கும் ஒரே பல்கலைக்கழகம், மற்றதெல்லாம் அதன் வளாகங்கள் என்பது 1972இல் வந்த ஏற்பாடு. 1979 ஜனவரி 1ஆம் திகதியோடு அது போய்விட்டது. எனக்குப் பட்டம் தந்த கையோடு பல்கலைக்கழகமே இல்லாமல் போனது!

கொழும்பு கோட்டையில் ஒரு கம்பனியில் நேர்முகப் பரீட்சை. எதிரே இருந்தவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்போது அப்படி ஒன்று இல்லையே என்றார். வேலை கிடைக்கவில்லை. (என் இங்கிலீசுக்கும் அதில் பங்குண்டு.) பம்பலப்பிட்டியில் பக்கத்து அறையில் பேராதனையில் படித்த அண்ணை ஒருவர் இருந்தார். அவருடைய சான்றிதழில் 'யுனிவர்சிட்டி ஒஃப் சிலோன்', என்னுடையதில் 'யுனிவர்சிட்டி ஒஃப் ஸ்ரீ லங்கா'. தமிழில் சொன்னால் இரண்டும் இலங்கைப் பல்கலைக்கழகம்தானே, நீயும் நம்மட ஆள்தான் என்று சொல்லிவிட்டு, இரண்டு பின்னேரம் என்னை எதிரே இருத்திக் கேள்வி கேட்டார். அடுத்த நேர்முகத்தில் வேலை கிடைத்தது. அவருக்கு முந்திய தலைமுறை, கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியில் இருந்துகொண்டே லண்டன் பட்டம் வாங்கியது. நீங்கள் மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளவில்லை.

சரி, எதில் சேருவது? வழியிருந்தால் இரண்டிலும் சேருங்கள். ஆனால் வேலையைச் சங்கத்திடம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு சங்கத்தில் நான் இரண்டு வருடம் செயலாளராக இருந்தவன். ஒரு வருடம் முழுக்க சங்கத்தின் ஆண்டு மலர் அச்சிடுவதிலேயே போனது. ஆசிச் செய்திகளின் வரிசையைப் பற்றியே மூன்று கூட்டம். அப்போது இறுதியாண்டுப் பையன் ஒருவன் பயிற்சிக்கு இடம் தேடித் தரமுடியுமா என்று எழுதினான். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். அந்தக் கூட்ட அறிக்கையை எழுதியது நான்தான். அடுத்த கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை.

உங்களோடு படித்த பட்சில் எத்தனை பேர் கொழும்பில் இருக்கிறார்கள்? அதிலிருந்து தொடங்குங்கள். எந்தக் கம்பனியில் ஆள் எடுக்கிறார்கள் என்பது விளம்பரம் வருவதற்கு முன்னமே உள்ளே இருப்பவருக்குத் தெரியும். அதைக் குழுவில் ஒரு வரி போட்டால் போதும். உங்களோடு படித்த சிங்கள, முஸ்லிம் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். வெள்ளவத்தை ஒன்றுகூடல்களுக்கு அவர்கள் வருவதில்லை, நாங்கள் கூப்பிடுவதுமில்லை.

அப்புறம், வவுனியாவிலிருந்து இரவு பஸ் ஏறி, விடியப் புறக்கோட்டையில் முகம் கழுவிவிட்டு, கசங்கிய சட்டையோடு நேர்முகத்துக்குப் போகிற பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள். தெஹிவளையில் ஒரு இரவு தங்க இடமும் ஒரு அயன் பெட்டியும் கிடைத்தால் அவர்களுக்கு அது பெரிய விஷயம். நாங்கள் போட்ட மலர் அந்த அளவுக்கு ஒருவருக்கும் உதவவில்லை.

அடுத்த ஒன்றுகூடலுக்கு நானும் வருவேன். பரமேஸ்வராச் சந்திக் கதையை யாராவது எடுத்தால், நீங்கள் பம்பைமடுக் கதையைத் தொடங்குங்கள். நான் அங்கே போனதில்லை.