ஐ.நா. அமைதிப்படை துப்பாக்கியோடு சும்மா நிற்பதைத் தவிர வேறென்ன செய்கிறது?

நீலத் தொப்பிக்காரர்கள் வண்டி மேல் நிற்கிற வீடியோ எதையாவது பார்த்துவிட்டுக் கேட்டிருப்பீர்கள். நான் மத்திய அரசின் ரிசர்வ் போலீஸ் படையான சி.ஆர்.பி.எஃப்.பில் 22 வருடம் இருந்தவள். அதில் ஒரு வருடம் மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில், ஐ.நா. அமைதிப்படையில். அதனால் பதில் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

அங்கே 1989-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர், நடுவில் கொஞ்சம் ஓய்ந்து, 2003 ஆகஸ்டில் கானா நாட்டின் அக்ராவில் ஒப்பந்தம் ஆகும்வரை இழுத்தது. செத்தவர்கள் இரண்டரை லட்சம் பேர் என்பார்கள். ஐ.நா. 15,000 வீரர்களை அனுப்பியது. 2007 ஜனவரியில் நம் நாட்டிலிருந்து மகளிர் போலீஸ் பிரிவு போனது, நூற்றுச் சொச்சம் பெண்கள். ஐ.நா. வரலாற்றிலேயே முழுக்கப் பெண்களால் ஆன முதல் போலீஸ் பிரிவு அதுதான். நான் பிறகு போன ஒரு தொகுதியில் இருந்தேன்.

பகலில் அப்போதைய லைபீரிய அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃபின் அலுவலகக் காவல். இரவில் அந்த ஊர் போலீசோடு ரோந்து. அவர்களில் பெரும்பாலானவர்களிடம் துப்பாக்கி கிடையாது. எங்களிடம் இருந்தது, அதனால்தான் நாங்கள் கூடப் போனோம். தலைநகர் மன்ரோவியாவில் பல தெருக்களில் விளக்கே இல்லை. மழையோ மாதக்கணக்கில் கொட்டும்.

விடிவதற்கு முன்னால் மீன் விற்கிற பெண்கள் தலையில் பேசினோடு சந்தைக்குக் கிளம்புவார்கள். ஒருநாள் நாலைந்து பேர் எங்கள் வண்டி வெளிச்சத்துக்குள் வந்து நடக்க ஆரம்பித்தார்கள். நாங்கள் வேகம் எடுத்தால் அவர்களும் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். டிரைவரிடம் சொல்லி, ஆள் நடக்கிற வேகத்துக்கு வண்டியை உருட்டச் சொன்னேன். அதன் பிறகு அந்த முனையில் எங்களுக்காகக் காத்து நிற்பார்கள். "ஹவ் த பாடி?" என்பார்கள், நம் ஊரில் 'உடம்பு எப்படி இருக்கு' என்று கேட்கிற மாதிரியேதான். அந்தப் போரில் பெண்களுக்கு என்ன நடந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை. இருட்டில் ஆண் குரல் கேட்டாலே அவர்கள் ஏன் உறைந்து போனார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

'அமைதிப்படை' என்றதும் 1987-ல் ஈழத்துக்குப் போன படையைச் சொல்லிச் சிலர் சண்டைக்கு வருவீர்கள். அந்த வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் அது இரண்டு அரசுகள் போட்ட ஒப்பந்தத்தில் ஒரே நாட்டின் ராணுவம் போனது, ஐ.நா. படை இல்லை. ஐ.நா. படையிலும் பெண்களிடம் தவறாக நடந்தவர்கள் உண்டு, லைபீரியாவிலேயே உண்டு. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

அப்புறம், ஐ.நா. வேலைக்குப் போனால் டாலரில் சம்பளம் குவியும் என்கிற பேச்சு. ஐ.நா. எங்கள் கையில் தந்த தினப்படி 1.28 டாலர். மற்றதெல்லாம் நம் அரசு கொடுத்த சம்பளமும் படியும்தான். ஊருக்குத் திரும்பியதும் கடன் கேட்டு வராத சொந்தக்காரர் இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது, முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீடு உங்களுக்குக் கிடையாது, நீங்கள் ராணுவம் இல்லை, போலீஸ் என்றார்கள். விதி அப்படித்தான், தெரியும். காஷ்மீரிலும் சத்தீஸ்கரிலும் நின்ற கால் இது. அன்று வீட்டுக்கு வரும்வரை மகளோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். இந்தியப் பெண்கள் போனபோது லைபீரியாவின் போலீஸ் உள்ளிட்ட பாதுகாப்புத் துறையில் பெண்கள் 100-க்கு 6 பேர். 2016-ல் எங்கள் கடைசித் தொகுதி கிளம்பியபோது 100-க்கு 17 பேர். காவலுக்கு நின்ற எங்களைப் பார்த்து, எப்படிச் சேர்வது என்று கேட்டு வந்த பெண்கள் பலரிடம் நானே பேசியிருக்கிறேன். 2018 ஜனவரியில் சர்லீஃப் ஆட்சியை ஜார்ஜ் வியாவிடம் ஒப்படைத்தபோது வீட்டில் உட்கார்ந்து போனில் அந்த விழாவைப் பார்த்தேன். மேடையை விட்டுவிட்டு, ஓரத்தில் காவலுக்கு நின்றவர்களில் பெண் போலீஸ் யாராவது தெரிகிறார்களா என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன்.