எரிபொருள் மானியம் என்றால் என்ன? அதில் யாருக்கு லாபம்?

பெட்ரோல், டீசல், நிலக்கரி, சமையல் எரிவாயு இவற்றின் உண்மை விலையில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொண்டு, நமக்கு விலையைக் குறைத்துத் தருவதுதான் எரிபொருள் மானியம். சர்வதேச நாணய நிதியத்தின் கணக்குப்படி 2022-ல் உலகம் முழுக்க இது சுமார் 1.3 லட்சம் கோடி டாலர்.

சிக்கல் எங்கே? லிட்டர் கணக்கில் தருவதால், அதிகம் எரிப்பவருக்கே அதிகம் போகிறது. 2014 அக்டோபர் வரை டீசல் விலையை அரசுதான் அடக்கி வைத்திருந்தது. பாலக்கோட்டில் கிணற்றுக்கு டீசல் மோட்டார் ஓட்டிய விவசாயிக்கும் அந்தச் சலுகை உண்டு. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைச் சொகுசு காரில் கடந்தவருக்கும் அதே சலுகைதான்!

தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறது, இருக்கிற பாத்திரத்தை நிரப்பிக்கொள்ளலாம் என்று வையுங்கள். பாட்டிக்கு ஒரு குடம். மாடியில் சின்டெக்ஸ் தொட்டி வைத்தவருக்கு ஆயிரம் லிட்டர்.

அப்புறம், டீசல் மலிவாகக் கிடைக்கும்வரை சோலார் மோட்டார் வீண்செலவாகவே தெரியும். புகையும் குறையாது.

‘மானியத்தை எடுத்தால் ஏழைதான் அடிபடுவான்’ என்பார்கள். சும்மா எடுத்தால் அப்படித்தான், லாரி வாடகை ஏறித் தக்காளி விலையும் ஏறும். மிச்சமாகும் பணத்தை ஏழைகளின் வங்கிக் கணக்கில் நேராகப் போட்டால் கதை வேறு.