ஆடாத ஆட்டத்தின் பேரில் வாங்கிய கடன்

கேள்வி: என் கணவர் என்எஃப்எல் எனும் அமெரிக்கக் கால்பந்து லீகின் அணியொன்றில் லைன்பேக்கர், அதாவது தடுப்பு ஆட்டக்காரர். 2025 அவருக்கு மூன்றாவது பருவம், சம்பளம் 10.3 லட்சம் டாலர். செப்டம்பரில்தான் சம்பளம் வரத் தொடங்கும் என்பதால், அண்ணன் உணவகம் திறப்பதற்காக, வரப்போகும் சம்பளத்தைக் காட்டி 18 சதவீத வட்டிக்கு 2 லட்சம் டாலரை ஓராண்டுக் கடனாக வாங்கிக் கொடுத்துவிட்டார். மாதம் 12,000 டாலர் உறவினர்களுக்குப் போகிறது. ஓய்வூதியச் சேமிப்பை நிறுத்தி, அந்தப் பணத்தைக் கிரிப்டோ நிதியில் போட்டுக் கடனை அடைக்கலாம் என்கிறார். செய்யலாமா?
- வாசகி, ஹூஸ்டன்

பதில்: கிரிப்டோ நிதி வேண்டவே வேண்டாம். கடனை முன்கூட்டி அடைத்தால் 18 சதவீத வட்டி உறுதியாக மிச்சமாகும். அதற்கு ஈடான உறுதியை அந்த நிதியை விற்பவர் எவரும் தர மாட்டார்.

எனக்குக் கவலை தருவது, கையில் வராத பணத்தை உறவினர் கேட்டவுடன் கொடுத்துவிடும் உங்கள் கணவரின் வழக்கம். வரிகளும், முகவருக்கு அதிகபட்சமாக 3 சதவீதமும் போனால், பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஆறேகால் லட்சம் மிஞ்சும். பருவத்தின் 18 வாரங்களுக்குப் பிரித்தால் வாரம் சுமார் 35,000 டாலர். ஆறாவது வாரத்தோடு அணி அவரை நீக்கிவிட்டால், கைக்கு வந்திருப்பது 2.1 லட்சம்; வட்டியோடு கடனோ 2.36 லட்சம். நான்கு பருவங்கள் கணக்கில் சேர்ந்த வீரர், பருவத்தின் முதல் ஆட்டத்தின்போது அணியின் வீரர் பட்டியலில் இருந்துவிட்டால், பிறகு நீக்கப்பட்டாலும் மிச்சச் சம்பளத்தைக் கோர வழியுண்டு. மூன்றாம் ஆண்டு வீரருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

வீரர்கள் சங்கத்தின் கணக்கில் ஒருவரின் சராசரி ஆட்டக்காலம் சுமார் 3.3 ஆண்டுகள்தான். பிட்ஸ்பர்க் அணியின் லைன்பேக்கர் ரயன் ஷேசியர், 2017 டிசம்பரில் சின்சினாட்டியில் எதிரணி வீரரைப் பிடித்து வீழ்த்தும் ஒரு டேக்கிளின்போது முதுகெலும்பில் அடிபட்டுச் சாய்ந்தபோது அவருக்கு வயது 25; அதன்பின் அவர் களத்தில் ஆடவே இல்லை.

ஓய்வூதியச் சேமிப்பை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். அவர் போடும் ஒவ்வொரு டாலருக்கும், ஓர் உச்சவரம்பு வரை, அணி இரண்டு டாலர் சேர்க்கிறது. இதை விட்டுவிட்டுக் கடன் அடைப்பது இலவசமாக வருவதை உதறுவதாகும். இந்தப் பருவத்தில் மூன்று ஆட்டங்களுக்குப் பட்டியலில் இருந்துவிட்டால் மூன்றாவது பருவமும் கணக்கில் சேர்ந்து, லீகின் ஓய்வூதியத்துக்கான உரிமை உறுதியாகும். அதை யாரிடமும் அடகு வைக்க வேண்டியதில்லை.

மாதாந்தரத் தொகையை, தாயாரின் வீட்டு வாடகைக்கும் மருத்துவத்துக்கும் மட்டுமாக 4,000 டாலராகக் குறையுங்கள். மிச்சமாகும் 8,000 டாலரையும், செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு வாரச் சம்பளத்திலும் 20,000 டாலரையும் நேராகக் கடனுக்குக் கட்டுங்கள். ஆட்டம் தொடர்ந்தால் டிசம்பருக்குள் கடன் தீர்ந்துவிடும். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனிடம் கொடுத்த தொகைக்கு எழுத்து மூலம் ஒப்பந்தமும் தவணை அட்டவணையும் வாங்குங்கள். அவர் மறுத்தால், உணவகத்துக்கு இனி ஒரு டாலர்கூடப் போகக் கூடாது.