வெட்டுக்குப் புறப்படும் வேளையில் வயிறு முறுக்குவது குடல் எரிச்சல் நோயா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரம் வெட்ட (ரப்பர் மரத்தில் பால் எடுக்க) போகும் உங்கள் அம்மாவுக்கு, காலையில் எழுந்ததும் வயிறு முறுக்கி, இரண்டு மூன்று முறை கழிந்த பிறகே அடங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். வாரம் ஒரு நாளாவது வலி வந்து, அது மலம் கழிப்பதோடும் மலத்தின் தன்மை மாறுவதோடும் இணைந்து 3 மாதங்களாக நீடித்திருந்தால், மருத்துவர்கள் குடல் எரிச்சல் நோயை (IBS) எண்ணிப் பார்ப்பார்கள். குடலில் புண் தென்படாவிட்டாலும் வலி உண்மையானது. அதை மனப்பிரமை என்று வீட்டில் எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். டின்பால் ஊற்றி ஆற்றிய தேநீரான தே தாரிக், வெங்காயமும் பூண்டும் மிகுந்த மிளகாய்ச் சம்பல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சில வாரங்கள் நிறுத்தி, நேர்ந்த மாற்றத்தை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வரச் சொல்லுங்கள். மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, சோகை, தூக்கத்தைக் கலைக்கும் பேதி, 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், சம்பள நாள் வரை காத்திராமல் உடனே அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.