முழங்கால் வலி உள்ள 70 வயது அம்மாவைத் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறேன். கூடுதல் பணம் கட்டிக் கால் நீட்டும் இருக்கை எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். சாதாரண வரிசையில் நடைபாதை ஓரத்து இருக்கை போதும். பின்பக்கக் கழிவறைக்கு நாலைந்து வரிசை முன்னால் கிடைத்தால் இன்னும் நல்லது. கடைசி வரிசை மட்டும் வேண்டாம். அங்கே கழிவறைக்கு நிற்பவர்கள் எல்லாம் அம்மாவின் தோளில்தான் சாய்வார்கள்.

கேள்வியைப் படித்ததும் என் தம்பிதான் பெயரை மாற்றிக்கொண்டு எழுதியிருக்கிறானோ என்று நினைத்தேன். நீங்களும் வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளையாகத்தான் இருப்பீர்கள். அம்மாவுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று பணத்தைக் கட்டிவிடுவீர்கள். கூட வருகிறவள்தான் பட வேண்டும்.

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். தம்பிக்குக் குழந்தை பிறந்ததும் அம்மாவை வரவழைத்தான், துணைக்கு நான். அவன் எடுத்திருந்தது அவசர வழி வரிசை. அங்கே காலடியில் தாராளமாக இடம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்கவும் மற்றவர்களுக்கு வழிவிடவும் உடலில் தெம்பு உள்ளவர்களைத்தான் அங்கே உட்கார விடுவார்கள். அது விதி. பதிவு செய்யும்போது உதவத் தயார் என்று ஒரு கட்டம் வருமாம், அதில் அம்மாவின் சார்பில் இவனே டிக் போட்டிருக்கிறான். கவுண்டரில் இருந்த பெண் அம்மா கைத்தடி ஊன்றி வருவதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இருக்கையை மாற்றினாள். விமானம் நிரம்பியிருந்ததால் கிடைத்தது நடு இருக்கை. கூடுதலாகக் கட்டிய பணம் திரும்பவில்லை. அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். பணம் வாங்கும்போது பயணியின் வயதைக் கேட்கத் தெரிந்த கணினிக்கு அப்போதே சொல்லத் தெரியாதா என்பதுதான் என் கேள்வி.

சரி, முன்வரிசை கிடைத்தால் நல்லதுதானே என்பீர்கள். அதற்கும் வருகிறேன். முழங்கால் வலிக்காரருக்கு உட்கார்ந்திருப்பதைவிட எழுந்திருப்பதுதான் பெரிய தொல்லை. வீட்டில் அம்மா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். விமானத்தில் முன்னிருக்கையின் முதுகுதான் அந்தத் தூண். முன்வரிசையில் எதிரே இருப்பது வெறும் சுவர், பிடிக்க ஒன்றும் இல்லை. அந்த வரிசையில் சாப்பாட்டுத் தட்டைக் கைப்பிடிக்குள் மடக்கி வைத்திருப்பதால் கைப்பிடியையும் தூக்க முடியாது. (சாதாரண வரிசையில் முன்னிருக்கையைப் பிடித்து எழும்போது முன்னால் இருப்பவர் திரும்பி முறைப்பார். முறைக்கட்டும்.)

நடைபாதைப் பக்கத்துக் கைப்பிடி தூக்க வராது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பல விமானங்களில் அதன் அடியில், கீல் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சிறிய பொத்தான் ஒளிந்திருக்கிறது. அதை அழுத்தினால் கைப்பிடி மேலே போய்விடும். எங்களுக்குப் பணிப்பெண் காட்டிக் கொடுத்தாள். ஓர இருக்கைக்காரர் ஒரு நல்ல மனிதர், பட்டுக்கோட்டைக்காரர், அம்மாவுக்குத் தன் இடத்தைக் கொடுத்திருந்தார். கைப்பிடியைத் தூக்கியதும் அம்மா அப்படியே பக்கவாட்டில் திரும்பிக் காலை நடைபாதையில் ஊன்றி எழுந்துவிட்டார். எல்லா விமானத்திலும் இது இருக்கும் என்று சொல்லவில்லை. ஏறியதும் கேட்டுப் பாருங்கள்.

விளம்பரத்தில் 28 அங்குலம், 30 அங்குலம் என்று போடுகிறார்களே, அது முழங்காலுக்குக் கிடைக்கும் இடம் இல்லை. ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன்னிருக்கையின் அதே புள்ளி வரையுள்ள தூரம். இருக்கையின் முதுகுத் தடிமன் அதற்குள்ளேயே அடங்கிவிடும். அதனால்தான் இப்போது மெல்லிய முதுகு வைத்த இருக்கைகளைப் போடுகிறார்கள்.

கழிவறை விஷயத்தை யாரும் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன். அம்மா முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. கேட்டதற்கு, “அங்கே போய் யார் எழுந்து அல்லாடுவது?” என்றார். நம் ஊர்ப் பெண்கள் பஸ் பயணத்தில் ஆயுள் முழுக்கப் பழகிய பழக்கம் இது. விமானத்தில் இது கெடுதல். மேலே கேபினுக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும். வாய் உலரும், கண் எரியும். காற்றழுத்தமும் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பது போலத்தான் வைக்கப்படுகிறது. ஊட்டியே ஏறக்குறைய 7,350 அடிதான். கடல் மட்டத்தை ஒட்டிய வயல்வெளியில் வாழ்ந்தவரை நாலு மணி நேரம் ஊட்டியில் உட்கார்த்தி வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

ஈரப்பதம் என்று எழுதும்போதே வயிறு எரிகிறது. எங்கள் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் நெல்லில் 17 சதவீதத்துக்குமேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டோம் என்றார்கள். காய வைக்கக் களம் இல்லை. சாலையில் கொட்டிக் காய வைத்தால் பஸ்காரர் திட்டுகிறார். காய்ந்த நெல்லை மூட்டை பிடித்து வரிசையில் வைத்தால் ராத்திரி மழை. மறுபடியும் ஈரம், மறுபடியும் கருவியைக் குத்திப் பார்த்தார்கள். தார்ப்பாய் போட ஆள் இல்லை, ஆனால் மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்ட ஆள் இருந்தது. காற்றின் ஈரமும் நெல்லின் ஈரமும் வேறு வேறு கணக்கு என்று எனக்கும் தெரியும், யாரும் பாடம் எடுக்க வர வேண்டாம்.

கழிவறைக்கு எப்போது அழைத்துப் போவது என்று கேட்டால், சீட் பெல்ட் விளக்கு அணைந்த உடனே. சாப்பாட்டு வண்டி வந்துவிட்டால் ஒற்றை நடைபாதை அடைபட்டுவிடும், அரை மணி நேரம் கதி இல்லை. உள்ளே கதவைத் தாழிட்டால்தான் விளக்கு நன்றாக எரியும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். தாழிடப் பயந்து அரை இருட்டில் தடவிக்கொண்டு நின்றார் அம்மா. தேவைப்பட்டால் பணியாளர்கள் வெளியிலிருந்தும் திறப்பார்கள் என்று சொன்ன பிறகுதான் தாழிட்டார்.

வீல்சேர் கட்டாயம் கேளுங்கள், டிக்கெட் எடுக்கும்போதே. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. படி ஏற முடியுமா, இருக்கை வரை நடக்க முடியுமா என்று கேட்பார்கள், உள்ளதைச் சொல்லுங்கள். திருச்சியில் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நடை அதிகம். அம்மா முதலில் மாட்டேன் என்றார். டெல்டாவிலிருந்து பாதி ஜனம் அந்த விமானத்தில் ஏறுகிறது. “யாராவது பார்த்தால் நான் படுக்கையில் விழுந்துவிட்டேன் என்று சம்பந்தி வீட்டுக்குச் செய்தி போய்விடும்” என்றார். மூன்று வரிசை தள்ளி அவர் வயதில் இன்னொருவர் வீல்சேரில் வருவதைப் பார்த்த பிறகு சம்மதித்தார். அந்த அம்மாள் மன்னார்குடி. இரண்டு பேரும் விமானம் ஏறும் வரை பேசி முடிக்கவில்லை.

காசை மிச்சம் பிடிக்கச் சொல்கிறேன் என்று யாராவது கிளம்புவார்கள். உங்கள் காலுக்கு நீளம் அதிகம் என்றால் உங்களுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், யார் தடுத்தார்கள்? அம்மாவுக்கு வேண்டாம். இன்னொன்று, அவசர வழி வரிசையிலும் முன்வரிசையிலும் புறப்படும்போதும் இறங்கும்போதும் காலடியில் பை வைக்க விட மாட்டார்கள், எல்லாம் மேலே போய்விடும். மாத்திரை, கண்ணாடி, தண்ணீர் பாட்டில் மூன்றும் சாதாரண வரிசையில்தான் அம்மாவின் கைக்கு எட்டும்.