ஆபேல் பேசுவதே இல்லை

அன்புள்ள சகோதரருக்கு,

ஸ்தோத்திரம். நான் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை. ஞாயிறு பள்ளியில் முப்பது வருடமாகப் பாடம் எடுக்கிறேன். என் மகன் வற்புறுத்தியதால் ‘பிரேக்கிங் பேட்’ தொடரை அவனோடு உட்கார்ந்து முழுக்கப் பார்த்துவிட்டேன். அதில் வரும் வால்டர் ஒயிட்டும் கெமிஸ்ட்ரி வாத்தியார்தான். புற்றுநோய் வருகிறது, குடும்பத்துக்குப் பணம் சேர்க்கப் போதைப்பொருள் காய்ச்சுகிறார். ஒரு காட்சியில் அவர் பழைய வேன் ஒன்றுக்குள் மாட்டிக்கொள்கிறார். போலீஸ்காரரான அவருடைய சகலை வெளியே நின்று கதவைத் திறக்கப் பார்க்கிறார். ‘ஆண்டவரே, திறந்துவிடக் கூடாதே’ என்று என் வாய் முணுமுணுத்துவிட்டது. அப்புறம்தான் நான் யாருக்காக ஜெபம் பண்ணினேன் என்பது உறைத்தது.

அடுத்த ஞாயிறு எங்கள் சபை ஐயர், ‘தீமையை நன்மையென்றும், நன்மையைத் தீமையென்றும்’ சொல்லுகிறவர்களுக்கு ஐயோ என்ற ஏசாயா வசனத்தை எடுத்து, கெட்டவனை நல்லவனாகக் காட்டும் படங்களைத்தான் கண்டித்தார். மகனோ, “எல்லாருமே சூழ்நிலைக் கைதிதாம்மா” என்கிறான். திருவிருந்துக்குப் போகும்போது மனது உறுத்துகிறது. ஒரு கொலைகாரனுக்காக மனம் இளகுவது பாவமா?

ஜெ.

*

அன்புள்ள சகோதரிக்கு,

வேன் காட்சியில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் பண்ணவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நம்மை அவர்கள் வேனுக்குள்ளே அல்லவா உட்கார வைத்துவிட்டார்கள்! யாருடைய மூச்சு நம் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறதோ அவன் பக்கம்தான் மனது போகும். அதற்காகத் திருவிருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

உங்கள் ஐயர் சொன்னதை ஹாலிவுட் ஒரு காலத்தில் விதியாகவே எழுதி வைத்திருந்தது. 1930இல் அங்கே திரைப்படங்களுக்கு ஒரு நெறிமுறை வந்தது. அதை எழுதியவர்களில் முக்கியமானவர் டேனியல் லார்ட் என்கிற இயேசு சபைப் பாதிரியார். பார்ப்பவர்களின் அனுதாபம் ஒருபோதும் குற்றத்தின் பக்கமோ பாவத்தின் பக்கமோ சாயக் கூடாது என்பது அதன் முதல் பொதுவிதியிலேயே இருந்தது. 1934 முதல் கறாராக நடைமுறையில் இருந்து, 1968இல் போய்விட்டது. விளைவுகளில் சில வேடிக்கையானவை. 1956இல் வந்த ‘தி பேட் சீட்’ படத்தில் கொலை செய்கிற ஒரு சிறுமி வருகிறாள். மூல நாடகத்தில் அவள் பிழைத்துக்கொள்வாள். படத்தில் அப்படி விட முடியாதே? கடைசியில் இடி விழுந்து சாகிறாள். திரைக்கதை எழுதும் வேலையையும் கர்த்தர் தலையில் கட்டிவிட்டார்கள்.

அந்த விதியை வைத்துக்கொண்டு வேதத்தில் பாதியைப் படமாக்க முடியாது என்பது என் எண்ணம். இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பள்ளியில் அவனை ஈட்டி எறிகிற ராஜாவாக மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 1 சாமுவேல் 28ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். நாளைக்குச் சாகப்போகிறவன், வேஷம் மாறி, இராத்திரியில் எந்தோருக்கு வருகிறான். அஞ்சனம் பார்க்கிற அந்த ஸ்திரீயின் வீட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறான். ஒரு பகலும் ஓர் இரவும் அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவள் அவனை வருந்திக் கேட்டுக்கொண்டு, வீட்டிலிருந்த கொழுத்த கன்றுக்குட்டியை அடித்து, மாவு பிசைந்து புளிப்பில்லா அப்பம் சுட்டுக் கொடுக்கிறாள். கட்டிலில் உட்கார்ந்து அவன் சாப்பிடுகிறான். அந்த அத்தியாயம் அத்தோடு முடிகிறது. இதை எழுதினவருக்குச் சவுல்மேல் இரக்கம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆனால் ஆறு அத்தியாயம் முன்னால் போனால் நோப் என்கிற ஊர். சவுல் கொல்லத் தேடிக்கொண்டிருந்த தாவீதுக்கு அப்பம் கொடுத்ததற்காக, சவுலின் கட்டளைப்படி அங்கே 85 ஆசாரியர்கள் வெட்டப்படுகிறார்கள். எந்தோரில் சவுலுக்கு அப்பம் சுட்டுக் கொடுத்ததால் அந்த 85இல் ஒன்றுகூடக் குறையவில்லை. இரக்கமும் கணக்கும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன.

இப்போது உங்கள் மகன் சொன்னதற்கு வருகிறேன். சூழ்நிலைக் கைதி என்கிற வாதம் புதிதல்ல. பாபிலோனில் சிறையிருப்பில் இருந்தவர்களிடம் ஒரு பழமொழியே இருந்தது: ‘பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின.’ நாங்கள் என்ன செய்தோம், அப்பன் பாட்டன் செய்த வினை எங்கள் தலையில் விடிந்திருக்கிறது என்று அர்த்தம். எசேக்கியேல் 18 முழுக்க அதற்கான பதில்தான். பிதாக்கள் காயைத் தின்னவில்லை என்று கர்த்தர் சொல்லவில்லை. அந்தப் பழமொழியை இனிச் சொல்லக் கூடாது என்கிறார். சூழ்நிலைக்கு மதிப்பே இல்லை என்றும் வேதம் சொல்வதில்லை. லூக்கா 12இல், எஜமானின் சித்தம் தெரிந்தும் செய்யாத ஊழியக்காரனுக்கு அநேக அடி, தெரியாமல் செய்தவனுக்குச் சில அடி. அடி குறைகிறது, பூஜ்யமாகிவிடவில்லை.

வால்டர் விஷயத்தில் அந்தச் சலுகைகூடக் கிடைக்காது. தொடரின் முதல் பருவத்திலேயே (சீசன்) பழைய கூட்டாளிகள் அவனுக்கு வேலை தருகிறோம், வைத்தியச் செலவையும் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். அவன் மறுக்கிறான். கைதிக்குக் கதவைத் திறந்து காட்டுகிறார்கள், அவனே மறுபடி இழுத்துச் சாத்திக்கொள்கிறான். மகனிடம் அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சூழ்நிலைதான் எல்லாவற்றையும் செய்தது என்றால், அவனை மன்னிக்கவும் முடியாது. மலையிலிருந்து உருண்டு வந்து மோதிய பாறையை யார் மன்னிப்பார்கள்? கிறிஸ்தவ எழுத்தாளர் சி.எஸ்.லூயிஸ் மன்னிப்பைப் பற்றிய ஒரு கட்டுரையில், சாக்கை ஏற்றுக்கொள்வதும் மன்னிப்பதும் கிட்டத்தட்ட எதிரெதிரானவை என்கிறார். ‘பரவாயில்லை, உன் தப்பில்லை’ என்பது ஒன்று. ‘உன் தப்புதான், ஆனாலும் வா’ என்பது வேறொன்று. நாம் பெரும்பாலும் முதலாவதைக் கேட்டுத்தான் ஆண்டவரிடம் போகிறோம். மோசேயின் அண்ணன் ஆரோன், ஜனங்கள் கும்பிடத் தான் செய்து கொடுத்த பொற்கன்றுக்குட்டிக்குச் சொன்ன விளக்கம் ஞாபகமிருக்கிறதா? பொன்னை நெருப்பில் போட்டேன், ‘அதிலிருந்து இந்தக் கன்றுக்குட்டி வந்தது’ என்றான். தானாக வந்ததாம்.

உண்மையில் இந்த மாதிரிக் கதைகளில் எனக்கு உறுத்துவது, கெட்டவனுக்குக் கண்ணீர் வருகிற பழங்கதை இருப்பது அல்ல. ஆதியாகமம் 4இல், தம்பி ஆபேலைக் கொன்ற காயீனுக்கு அது இருக்கிறது. அவன் காணிக்கை அங்கீகரிக்கப்படவில்லை, முகம் வாடுகிறது. கொலைக்கு முன்பே தேவன் அவனோடு உட்கார்ந்து பேசுகிற மாதிரி, ‘உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று?’ என்று கேட்கிறார். கொலைக்குப் பிறகும், அவனை யாரும் கொன்றுபோடாதபடிக்கு ஓர் அடையாளம் போட்டு அனுப்புகிறார். வசனம் எல்லாம் காயீனுக்குத்தான். ஆபேல் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஆனால் தேவன் கேட்கிற கேள்வி, ‘உன் சகோதரனாகிய ஆபேல் எங்கே?’ பெயர் சொல்லித்தான் கேட்கிறார். அவனுடைய இரத்தத்தின் சத்தம் பூமியிலிருந்து தம்மை நோக்கிக் கூப்பிடுகிறது என்கிறார். பெரும்பாலான படங்களில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை.

ஐந்தாம் பருவத்தில் ஒரு பையன் வருவான். பாலைவனத்தில் பைக் ஓட்டிக்கொண்டு போகிறவன், பெரிய சிலந்தி ஒன்றைப் பிடித்துக் கண்ணாடி ஜாடியில் போட்டுக்கொள்வான். வால்டரின் கும்பல் ரயிலில் திருடி முடித்துக் குதூகலிக்கும்போது, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அவன் நிற்கிறான். கையை அசைக்கிறான். கும்பலில் ஒருவனும் பதிலுக்குக் கையை அசைத்துவிட்டுச் சுட்டுவிடுகிறான். அடுத்த பகுதியில் பையன் காணாமல் போன செய்தி டிவியில் வருகிறது. தனக்கும் தூக்கம் வரவில்லை என்று வால்டர் கூட்டாளி ஜெஸ்ஸியைத் தேற்றுகிறான். தேற்றிவிட்டு வேலையைப் பார்க்கப் போனவன் விசிலடிக்கிறான். அதை ஜெஸ்ஸி கேட்டுவிடுகிறான்.

அந்த விசிலுக்காகவே இந்தத் தொடரை எடுத்தவர்களை நான் மதிக்கிறேன். ஆபேலைப் பற்றிய கேள்வியை அவர்கள் கேட்டுவிட்டார்கள். பார்த்தவர்கள்தான் காதில் வாங்கவில்லை. வால்டரின் மனைவி ஸ்கைலராக நடித்த அன்னா கன், தொடர் முடியப் போகும் சமயத்தில், 2013 ஆகஸ்டில், நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். ரசிகர்கள் அந்தப் பாத்திரத்தின் மேல் வைத்த வெறுப்பு, நடித்த தன் மேலேயே திரும்பியதைப் பற்றி. அவள் செய்த குற்றம்தான் என்ன? புருஷனைத் தடுக்கப் பார்த்தாள். கொலைகாரனுக்குக் கைதட்டல், அவன் பெண்டாட்டிக்கு வசவு. ஐயர் சொன்ன ஏசாயா வசனம் பொருந்துகிற இடம் இதுதான். திரைக்கு இந்தப் பக்கம்.

வால்டராவது கடைசியில் வாயைத் திறந்தான். ஐந்து பருவமும் ‘குடும்பத்துக்காகச் செய்தேன்’ என்று சொல்லி வந்தவன், கடைசிப் பகுதியில் மனைவியிடம், எனக்காகத்தான் செய்தேன், எனக்கு அது பிடித்திருந்தது, அதில் நான் கெட்டிக்காரன் என்கிறான். இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனும், ‘நாம் நடப்பித்தவைகளுக்குத்தக்க பலனை அடைகிறோம்’ என்றுதான் ஆரம்பித்தான். கள்ளன் அதற்கப்புறம் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் பேசினான், வால்டர் பேசவில்லை. ஆனாலும் எனக்கு அவன்மேல் உண்மையான இரக்கம் வந்தது வேனில் அல்ல, அந்த இடத்தில்தான்.

அதனால் தொடரைப் பார்த்ததற்காக வருத்தப்படாதீர்கள். மகனோடு பேசும்போது அந்தச் சிலந்திப் பையனின் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். டிவி செய்தியில் சொல்கிறார்கள், ட்ரூ ஷார்ப். எனக்கும் ஞாபகம் இல்லை, இதை எழுதுவதற்காகத் தேடித்தான் பார்த்தேன்.

ஊருக்கு உபதேசம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சில வருடங்களுக்கு முன் கந்துவட்டிக்காரர் ஒருவரை வைத்துச் சிறுகதை எழுதினேன். சின்ன வயதில் அவர் பட்டினி கிடந்தது, மருந்து வாங்கக் காசில்லாமல் தங்கையைப் பறிகொடுத்தது எல்லாம் உருக்கமாக வந்திருந்தது. வாசித்த நண்பர், “நல்லாத்தான் இருக்கு. அவர் வீட்டை எழுதி வாங்குறாரே, அந்த அம்மா பேரென்ன?” என்று கேட்டார். கதையை எடுத்துப் பார்த்தேன். ஏழு இடத்திலும் ‘அந்தப் பெண்’ என்றுதான் இருந்தது. வட்டிக்காரரின் நாய்க்கு மணி என்று பெயர் வைத்திருந்தேன்.