10க்கு 12 அறையில் சப்வூஃபர் பேஸ் ஏன் ஓர் இடத்தில் அதிர்கிறது, ஓர் இடத்தில் காணாமல் போகிறது?

நீங்கள் சொன்னபடி அறை 12க்கு 10 அடி, உயரமும் 10 அடி. டிவிக்குப் பக்கத்து மூலையில் சப்வூஃபர் (பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்), நட்ட நடுவில் சோபா. உட்கார்ந்தால் பேஸே இல்லை, மூலைக்குப் போனால் சுவர் அதிர்கிறது. இன்னும் பெரியதாக வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

தயவுசெய்து வாங்காதீர்கள். என் அறையும் ஏறக்குறைய இதே அளவுதான். கடைக்காரர் பேச்சைக் கேட்டு 8 இன்ச் சப்வூஃபரைக் கொடுத்துவிட்டு 12 இன்ச் எடுத்தேன். மூலையில் உறுமல் கூடியது, சோபாவில் அதே வெறுமை. அப்புறம்தான் அறையின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். 12 அடி என்பது 3.66 மீட்டர். அந்த நீளத்தில் அரை அலை கச்சிதமாகப் பொருந்துவது 47 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 47 அதிர்வில். அந்த ஒலி இரண்டு சுவர் ஓரமும் பலமாக இருக்கும், நடுவில் கிட்டத்தட்ட செத்துவிடும். உங்கள் சோபா அந்தக் குழியில்தான் கிடக்கிறது. 10 அடிக்கு இதே கணக்கு 57 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே ஹெர்ட்ஸில் வந்து குவிகின்றன. பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் மூலை உறுமும். நம் வீட்டுச் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் பேஸை வெளியே விடாமல் அப்படியே திருப்பி அனுப்புவதால் இது இன்னும் மோசம்.

முதலில் சோபாவை ஒன்றரை அடி பின்னால் இழுங்கள். உங்கள் தலை பின் சுவரிலிருந்து நாலரை அடியில் இருக்கட்டும். சுவரோடு ஒட்டிவிட வேண்டாம், அங்கே 47 ஹெர்ட்ஸ் அளவுக்கு மீறிக் கேட்கும்.

அடுத்து, சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் வரி ஏறி இறங்கும் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் கேட்கும் இடம் எதுவோ, சப்வூஃபருக்கு அதுதான் இடம். ஒலி தருவதும் கேட்பதும் இடம் மாறினாலும் அறை அதே மாதிரிதான் நடந்துகொள்ளும். எனக்கு அது முன் சுவரில், மூலையிலிருந்து மூன்றரை அடி தள்ளி அமைந்தது. அந்த ஒரு மாற்றத்தில் கிடைத்தது 12 இன்ச்சில் கிடைக்கவில்லை.

சப்வூஃபருக்கும் மற்ற ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் க்ராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்து, அதே 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, சப்வூஃபரின் அலையைத் திருப்பிப் போடும் ஃபேஸ் சுவிட்சை மாற்றிப் பாருங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதில் விடுங்கள்.

ஒவ்வொரு ஹெர்ட்ஸின் சத்தத்தையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் கடைசி வேலை. அறையின் ஒலியை அளக்கும் ஆர்.இ.டபிள்யூ. மென்பொருள் இலவசம், அளவீட்டு மைக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆழ்ந்த பேஸுக்கு போன் மைக்கை நம்ப முடியாது. சத்தம் மிகுந்த மேடுகளை மட்டும் குறையுங்கள். குழியை நிரப்ப 10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபையர் 10 மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். அப்போதும் குழி நிரம்பாது, ஏனென்றால் எதிரொலியும் அதே அளவு கூடி அதை அழித்துவிடும். சுவரில் முட்டை அட்டையும் மெல்லிய ஃபோமும் ஒட்டுவதில் பேஸுக்கு ஒரு பயனும் இல்லை. 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே 6 மீட்டர்.

கையில் பணம் இருந்தால் பெரியது ஒன்றுக்குப் பதில் சிறியது இரண்டு வாங்குங்கள். முன் சுவர் நடுவில் ஒன்று, பின் சுவர் நடுவில் ஒன்று. ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைப்பது நன்றாக வேலை செய்வதாகக் காட்டினார். உங்கள் அறையில் 47 ஹெர்ட்ஸ் அலையை இரண்டும் எதிரெதிராகத் தள்ளி அடக்கிவிடும், அகலத்தின் 57 ஹெர்ட்ஸையும் கிளப்பாது. உயரத்தினுடையது மட்டும் மிஞ்சும், அதை ஈக்வலைசரில் குறைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம் போட்டுக் கேளுங்கள். தொப்பி எனும் இடப் பக்கத்துக் கும்கி நாதம் வழுக்கி ஏறுவது தெளிவாகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு அடியும் ஒரே ‘தும்’ என்று கேட்டால், சப்வூஃபரை இன்னும் அரை அடி நகர்த்துங்கள்.